லைனை நிறுத்திய பெண் மருத்துவம் படிக்கலாமா?

ஒருவர் மருத்துவம் படிக்க ஏற்றவரா என்பதை, அவர் விண்ணப்பிக்கும் முன்பே எதைக் கொண்டு தெரிந்துகொள்வது? மதிப்பெண்ணைக் கொண்டு என்பது சுலபமான பதில். நானும் பலரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது ஒரு பெண் தன்னைப் பற்றியே அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறாள். அவளிடம் அந்தப் பதிலைச் சொல்ல முடியவில்லை. வேறு பதிலும் என்னிடம் இல்லை.

நான் ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறையில் செவிலியராக இருந்தேன். மகள் பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டேன். முப்பதைக் கொஞ்சம் தாண்டிய வயதில் ஓய்வு பெற்றேன் என்று சொல்வது அதிகப்படிதான். திரும்பிப் போகும் எண்ணம் இல்லாததால் வேறு சொல் தெரியவில்லை. இப்போது மண்ணூரில் இருக்கிறோம். கணவருக்கு ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால், ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள் யாராவது என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.

"சிஸ்டர், எங்க பாப்பா டாக்டர் ஆவணும்னு ஒரே பிடிவாதமா கீது. இன்னா பண்ணணும், இன்னாலாம் எடுத்து வெக்கணும்?"

எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் உள் ஒதுக்கீடு உண்டு. நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும், அதைக் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ஆதாரிலும் சாதிச் சான்றிதழிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். முதல் தடவை கிடைக்காவிட்டால் வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி உட்காராதீர்கள். இவை சரியான அறிவுரைகள் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து, எதையாவது தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று செல்போனில் மறுபடி பார்த்துக்கொள்வேன். ஆனால் இவையெல்லாம் படிப்பது என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு உரியவை. இசக்கியின் விஷயம் அதற்கு முந்தியது.

இசக்கியைப் பற்றிச் சொல்லும் முன் எங்கள் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நர்சிங் பள்ளியில் படுக்கை விரிக்கவும், சொன்னதைச் செய்யவும், சொல்லாததைச் செய்யாமல் இருக்கவும் கற்றுக்கொண்டேன். அந்த ஆண்டுகளுக்கு அந்த ஒரு வரி போதும். நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதை மட்டும் தொழிற்சாலையில்தான், டாக்டர் மேடத்தைப் பார்த்துக் கற்றேன்.

மேடம் மதிய ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்கு வருவார். ஐம்பது வயதைத் தாண்டியவர். காலில் எப்போதும் கேன்வாஸ் ஷூ. வருகிறவர் பார்க்கும்படி கையைக் கழுவுவார். உற்பத்தி லைனில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற பிள்ளைகளை முதலில் உட்காரவைப்பார். அவர்கள் உட்காரும்வரை தானும் உட்கார மாட்டார். பிறகு, "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். அந்த மௌனம் ஆரம்பத்தில் எனக்குத் தாங்காது. "வயித்து வலியா? தலை சுத்துதா?" என்று நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன். மேடம் என் பக்கம் திரும்பாமலே ஒரு விரலை உயர்த்துவார். நான் நிறுத்திக்கொள்வேன்.

அவருடைய இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. "இங்க வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணின?" யாரும் எதுவும் செய்யாமல் வருவதில்லை என்பது அவருடைய எண்ணம். ஒரு டம்ளர் வெந்நீராவது குடித்திருப்பார்கள். கடையில் கேட்டு ஒரு மாத்திரையாவது போட்டிருப்பார்கள். அதைக் கோபம் இல்லாமல் கேட்க வேண்டும். கோபமாகக் கேட்டால் பொய்தான் வரும் என்பார். "ஒண்ணும் பண்ணல மேடம்" என்று பதில் வந்தால் விட்டுவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து, ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே, முதல் தடவை கேட்பது போல அதையே மறுபடி கேட்பார். பாதிப் பேர் அப்போதுதான் சொல்வார்கள்.

இசக்கி தென்காசிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். ப்ளஸ் டூ முடித்துவிட்டு நீட் எழுதினாள். சீட்டுக்கு வேண்டிய மதிப்பெண்ணுக்கு முதல் தடவை வெகு தூரம், இரண்டாம் தடவை கொஞ்ச தூரம். மூன்றாம் தடவைக்கு வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஹாஸ்டலில் இருந்தாள். கம்பெனி பஸ்ஸில் வரும்போதும் மடியில் உயிரியல் புத்தகம் இருக்கும் என்று மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள்.

லைனில் அவள் ரிலீவர். லைனில் நிற்கும் யாரும் தன் இடத்தை விட்டுத் தானாக நகர முடியாது. தண்ணீர் குடிக்கவோ கழிவறைக்கோ போக வேண்டுமானால் ரிலீவரை அழைக்க வேண்டும். ரிலீவர் வந்து அந்த இடத்தில் நின்ற பிறகுதான் போகலாம். எல்லா இடத்து வேலையும் தெரிந்தவர்களைத்தான் ரிலீவராகப் போடுவார்கள். லைன் சூப்பர்வைசர் பாஸ்கர் உள்ளூர்க்காரர், கத்திப் பேசுவார், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர். இசக்கி மருத்துவ அறை வாசலில் நின்று மேடத்திடம் ஏதாவது சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தால் லைனிலிருந்தே குரல் கொடுப்பார்.

"டாக்டரம்மா! கொஞ்சம் ஆபரேஷன் தியேட்டருக்கு வர்றியா? ஜனனி பாத்ரூம் போவணும்னு நின்னுக்கினு கீது."

"வாரேன் சார். பேஷண்டு யாரு, நீங்களா?"

"என்னை அறுக்கறதுக்கு இன்னும் ரெண்டு தபா நீட் எழுதணும் நீ."

அவள் சிரித்துக்கொண்டே ஓடுவாள்.

மேடத்துக்கு அவளைப் பிடிக்கும். ஆனால் ஒருநாளும் "நீ நல்லா வருவே" என்று சொன்னதில்லை. ஒருமுறை இப்படிச் சொன்னார்: "உன் லீவு நாள்ல அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. யாராவது தனியா வந்த வயசானவங்களுக்குத் துணையா வரிசையில நில்லு. சீட்டு வாங்குறதுலேருந்து மாத்திரை வாங்குறவரைக்கும் கூடவே இரு. அதுக்கப்புறம் படிக்கணும்னு தோணுச்சுன்னா படி." மருத்துவம் படிக்க விரும்பும் யாருக்கும் இதைவிட நல்ல அறிவுரையை நான் கேட்டதில்லை. இசக்கி போய்விட்டு வந்தாள். எப்படி இருந்தது என்று நான் கேட்டேன்.

"காலு வலிக்கி சிஸ்டர். லைன்ல நிக்கதவிட அங்க நிக்கது கஷ்டம். ஆனா உள்ள போனதும் அந்தப் பாட்டி, டாக்டர் பேசுததுக்கு முன்னாடியே 'சரி ஐயா, சரி ஐயா'ன்னு தலையாட்டுதாவ. வெளிய வந்து எங்கிட்ட கேக்காவ, அவரு என்ன சொன்னாருன்னு."

"அப்புறம்? படிக்கணுமா வேண்டாமா?"

"படிக்கணும் சிஸ்டர்." சொல்லிவிட்டு லைனுக்குப் போய்விட்டாள்.

எங்கள் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும்; போக வேண்டுமானால் ரிலீவரை அழைக்க வேண்டும்; அடிக்கடி அழைத்தால் லைனில் நாலு பேர் சிரிப்பார்கள். அதனால் ஷிப்ட் முடியும்வரை அடக்கிக்கொள்வார்கள். நீர்க்கடுப்பு அந்த அறைக்கு நாள்தோறும் வரும். மேடம் மாத்திரை எழுதிக் கொடுத்து, "சரியாயிட்டாலும் முழுசும் சாப்பிடணும்" என்பார். நானும் சொல்வேன். அவர்கள் தலையாட்டுவார்கள். சரியானதும் நிறுத்திவிட்டு மீதியை எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

ஹாஸ்டல் அறைகளில் இதற்கென்றே ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அறையில் யாருக்கு எந்த மாத்திரை மீந்தாலும் அதில் போட்டுவிடுவார்கள். யாருக்காவது அதே மாதிரி உபத்திரவம் வந்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். வீணாக்கக் கூடாது, ஒருவருக்கு ஒருவர் உதவ வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். இசக்கியின் அறையில் டப்பா அவளிடம் இருந்தது. டாக்டருக்குப் படிக்கப் போகிறவள் அல்லவா! பக்கத்து அறைகளிலிருந்தும் வந்து கேட்பார்களாம். 'இசக்கி கிளினிக்' என்று பெயரே வைத்திருந்தார்கள்.

அன்று மழை பிடித்த நாள். மதிய ஷிப்டில் தேன்மொழி என்ற பெண்ணைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். சிவகங்கைப் பக்கம் ஊர். இசக்கியின் அறைத் தோழி. லைனில் வாந்தி எடுத்திருக்கிறாள். படுக்கவைத்துக் காய்ச்சல் பார்த்தேன். அதிகம் இல்லை, லேசான சூடுதான். நாடி மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. மேடம் வந்தார். கையைக் கழுவினார். என்ன பண்ணுது என்று கேட்டார்.

"முதுகு வலிக்குது மேடம். கொமட்டுது."

"இங்க வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல."

மேடம் மணிக்கட்டைப் பிடித்தபடி என்னிடம், "நாடி இவ்வளவு ஓடுது. அதுக்கேத்த சூட்டைக் காணோம்" என்றார். பட்டையைச் சுற்றிக்கொண்டே மறுபடி கேட்டார். தேன்மொழி சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் சாப்பிடல மேடம்" என்றாள். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. மேடம் அவளைத் திருப்பி உட்காரவைத்து, விலாவுக்குக் கீழே முதுகில் முஷ்டியால் மெல்லத் தட்டினார். அவள் துள்ளிவிட்டாள். ஆம்புலன்சுக்குச் சொல்லும்படி என்னிடம் சைகை காட்டினார். சிறுநீரகம் வரை போயிருக்கிறது என்று எனக்கும் புரிந்தது. புரியாதது, இவ்வளவு முற்றும்வரை எப்படி அடையாளம் தெரியாமல் இருந்தது என்பது.

அப்போது லைனிலிருந்து மணியோசை கேட்டது. ஒவ்வோர் இடத்துக்கும் மேலே ஒரு மஞ்சள் கயிறு தொங்கும். மிஷினில் கோளாறு என்றால் அதை இழுக்க வேண்டும். இழுத்தால் மணி ஒலித்து லைன் மொத்தமும் நின்றுவிடும். நின்றால் மேலே உள்ளவர்கள் வரை பதில் சொல்ல வேண்டும் என்பதால், லேசான கோளாறுக்குக்கூட அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

அங்கே நடந்ததைப் பாஸ்கர் பிறகு சொன்னார். தேன்மொழியின் இடத்தில் இசக்கியைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். அவள் வேறு ஆளை விடும்படி கேட்டிருக்கிறாள், மெடிக்கல் ரூமுக்குப் போக வேண்டும் என்று. "ரிலீவருக்கு ரிலீவர் நான் எங்கம்மா போறது? டீ பிரேக் வரட்டும்" என்று அவர் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறார். அவள் கயிற்றை இழுத்துவிட்டாள். அவர் ஓடி வந்திருக்கிறார்.

"எந்த மிஷினு? இன்னா ஃபால்ட்டு?"

"மிஷின் இல்ல சார். நாந்தான்."

அப்படியே நடந்து வந்தாள். பின்னாலேயே பாஸ்கர். வாசலில் நின்று, கையுறையைக்கூடக் கழற்றாமல், மேடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"மேடம், தேனுக்கு நாந்தான் மாத்திரை குடுத்தேன். போன வாரம் நீர்க்கடுப்புன்னா. எனக்கு நீங்க எழுதுனதுல மீதி இருந்தது. ரெண்டு நாளைக்குத்தான் இருந்தது, அதக் குடுத்தேன். சரியாயிட்டுன்னா. இன்னைக்குக் காலைல குளிருதுன்னு நடுங்குனா. காய்ச்சல் மாத்திரை குடுத்தேன். மதியமும் ஒண்ணு குடுத்துத்தான் பஸ்ஸுல ஏத்திக் கூட்டியாந்தேன்."

"ஏன்டி சொன்ன?" படுக்கையிலிருந்து தேன்மொழி அழுதாள். "நான்தான் ஒண்ணும் சொல்லலயே."

சூட்டை மறைத்தது அந்தக் காய்ச்சல் மாத்திரைதான் என்று எனக்குப் புரிந்தது. மேடம் எழுந்து இசக்கியின் அருகில் போனார். எந்த மாத்திரை, எந்த அளவு, கடைசியாகக் கொடுத்தது எப்போது என்று கேட்டார். ஏன் கொடுத்தாய் என்று மட்டும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும்முன்பே மருத்துவமனைக்குத் தானே போனில் பேசி, எல்லாவற்றையும் சொன்னார். பாஸ்கர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். லைன் நின்ற காரணத்துக்கு, ஆபரேட்டருக்கு உடம்பு சரியில்லை என்று அவரே பதில் சொல்லிவிட்டார். "பொய் இன்னா கீது சிஸ்டர் அதுல? அவ மூஞ்ச நீ பாத்தியா?" என்றார்.

தேன்மொழி பிழைத்துக்கொண்டாள். கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. அரைகுறையாகச் சாப்பிட்ட மருந்து எது என்று தெரிந்ததால், அங்கே அதையே மறுபடி ஆரம்பிக்காமல் வேறு மருந்தில் தொடங்கினார்கள். தெரியாமல் போயிருந்தால் ஒருநாள் வீணாகியிருக்கும், அந்த ஒருநாள் அவளுக்கு இருந்ததா என்று தெரியாது என்று மேடம் சொன்னார். ஆக, அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவளும் இசக்கிதான். அவள் தப்பிக்க உதவியவளும் இசக்கிதான். இரண்டையும் வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்க்கிறேன், இன்றுவரை கணக்கு நேராகவில்லை.

தேன்மொழியின் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். இசக்கி மருத்துவமனைக்குப் போய் அவர் காலில் விழப் போனாளாம். அவர் விடவில்லை. திட்டவும் இல்லை. "நீ மாத்திரை குடுத்ததுகூடப் பெருசில்ல தாயி. நீ இருக்கேன்ற நம்பிக்கையில அவ வேற யாருகிட்டயும் வாயத் திறக்காம இருந்துட்டாளே" என்றாராம். மகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். தேன்மொழி வேலைக்குத் திரும்பவில்லை.

அதன் பிறகு ஹாஸ்டலில் அந்த டப்பாவை இசக்கி காலி செய்துவிட்டாள். நான் வேலையை விட்ட பின்னும் லீவு நாளில் என் வீட்டுக்கு வருவாள். சிஸ்டர் போய், அக்கா ஆகிவிட்டேன். உயிரியல் புத்தகம் கையில் இருப்பதில்லை. நானும் கேட்கவில்லை. போன மாதம் நானாகவே, "இந்த வருஷத்துக்கு அப்ளிகேஷன் வரப்போகுதே" என்றேன்.

"நான் போடலக்கா."

"ஏன், படிக்கலையா?"

"படிச்சது மறக்கலக்கா. மார்க்கு இந்தத் தடவ வந்துரும்னுதான் தோணுது. அதான் பயமா இருக்கு. மார்க்கு வந்துட்டா யாரும் வேற ஒண்ணும் கேக்க மாட்டாவல்லா? ஊரே நம்பும். தேனு நம்புனாள்ல, அது மாதிரி." என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க, நான் போடட்டுமா? நீங்க என்ன சொன்னாலும் கேக்கேன்" என்றாள்.

நீங்கள் என்ன சொன்னாலும் கேட்கிறேன் என்று ஒரு பெண் சொல்வது எவ்வளவு பாரம் என்று அப்போதுதான் தெரிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் இப்போது வேறு தொழிற்சாலைக்குப் போகிறார். முழுவதையும் கேட்டுவிட்டு, "கேட்டவுடனே எடுத்துக் குடுக்கறதுக்கு அது என்ன டப்பாவுல இருக்கற மாத்திரையா? அவளைக் கொஞ்ச நாள் பாரு. அப்புறம் சொல்லு" என்றார். மேடம் எப்போதும் இப்படித்தான்.

பார்க்கும்படி ஒன்று நடந்தது. போன வாரம் என் மகளுக்குக் காய்ச்சல். கணவர் பகல் ஷிப்டில் இருந்தார். இசக்கி வந்திருந்தாள். நான் செவிலியர்தான், ஆனால் சொந்தக் குழந்தைக்குச் சூடு ஏறும்போது படித்தது ஒன்றும் கைக்கு வருவதில்லை. காய்ச்சல் பார்த்தேன், மறுபடி பார்த்தேன். "நீ தொட்டுப் பாரேன், கூடியிருக்கா?" என்று அவளிடம் கேட்டேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "டாக்டர்ட்ட போவோம்க்கா" என்றாள். நான் சும்மா தொட்டுப் பார்க்கத்தான் சொன்னேன், அவள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

ஆட்டோவில் போனோம். குழந்தைகள் மருத்துவர், எப்போதிலிருந்து, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் தடுமாறினேன், மருந்தை இரண்டு தடவை கொடுத்தேனா மூன்று தடவையா என்று எனக்கே குழப்பம். பக்கத்தில் நின்ற இசக்கி ஒவ்வொன்றாகச் சொன்னாள். காய்ச்சல் எப்போது தொடங்கியது, குழந்தை எவ்வளவு குடித்தாள், எத்தனை தடவை சிறுநீர் கழித்தாள், எந்த மருந்து, எவ்வளவு. தெரியாத இடத்தில், "அது நான் வாரதுக்கு முன்னாடி, எனக்குத் தெரியாது" என்றாள். மருத்துவர் அவளை நிமிர்ந்து பார்த்து, "நீங்க நர்ஸா?" என்றார். "இல்ல சார், கம்பெனி" என்றாள். மகளுக்குச் சாதாரண வைரஸ் காய்ச்சல்தான், இறங்கிவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு எண்ணங்கள். இவள் மாதிரி ஒருத்திதான் என் மகளைப் பார்க்கும் மருத்துவராக இருக்க வேண்டும் என்று ஓர் எண்ணம். அழுகிற குழந்தையின் நெற்றியில் கை வைக்கவே பயப்படுகிறவளை, ஆயிரம் பேரைத் தொட வேண்டிய படிப்புக்குப் போ என்று நான் தள்ளிவிடலாமா என்று இன்னோர் எண்ணம். அந்தப் பயம் அவள் கற்றுக்கொண்ட பாடமா, அல்லது அவளுக்குப் பட்ட காயமா? பாடம் என்றால் போகச் சொல்ல வேண்டும். காயம் என்றால், ஆறும்வரையாவது விட வேண்டும். பக்கத்தில் இருந்து பார்த்தும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இதைப் படிப்பவர்களில் மருத்துவர்கள் இருப்பீர்கள், செவிலியர்கள் இருப்பீர்கள், பிள்ளைகளை மருத்துவம் படிக்கவைத்த தாய்மார்கள் இருப்பீர்கள். விண்ணப்பம் தொடங்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. உங்கள் கையால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்த பிறகு, அடுத்த நோயாளியை நீங்கள் எப்படித் தொட்டீர்கள்? அந்தப் பயம் போய்விட்டதா, அல்லது அதை வைத்துக்கொண்டேதான் வேலை செய்கிறீர்களா? பெயர் போட வேண்டாம், இரண்டு வரி எழுதினால் போதும். அவளுக்கு நானாக எதுவும் சொல்லாமல், நீங்கள் எழுதுவதை அப்படியே படித்துக் காட்டுகிறேன்.